வாளை உறையில் இட்ட பிறகு

தரமணியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பரங்கிமலை. அதன் உச்சியில், திருத்தூதர் தோமா ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்ற நெடிய மரபைத் தாங்கி நிற்கும் ஆலயம். அதன் அடிவாரத்தில், தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கழகம். ஆயுதத்திற்கு இரையானவரின் நினைவு மேலே; ஆயுதம் ஏந்தக் கற்போரின் அணிவகுப்பு கீழே. இவ்விரண்டையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்புப் பெற்றவர்கள் தென்சென்னை இறைமக்கள். ஆனால் அவை ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன என்று நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அந்தப் பயிற்சிக் கழகம் பிறந்த காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1962 அக்டோபர் 11 அன்று உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அதே அக்டோபர் 20 அன்று இமயமலை எல்லையில் சீனப் போர் மூண்டது. அதே நாட்களில் கியூபாவில் நிறுவப்பட்ட ஏவுகணைகளை முன்னிட்டு உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றது. எல்லையில் கண்ட தோல்வி, அதிகாரிகள் போதவில்லை என்பதை நமக்குக் கற்பித்தது. அதன் விளைவாக 1963 சனவரியில் பரங்கிமலையில் அப்பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கியூபா நெருக்கடியில் அமைதிக்காகக் குரல் கொடுத்த திருத்தந்தை 23ஆம் யோவான், 1963 ஏப்ரல் 11 அன்று உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். மூன்று மாத இடைவெளியில் ஒருபுறம் பயிற்சிப் பள்ளி, மறுபுறம் அமைதியின் மடல். இரண்டுமே அச்சத்திலிருந்து பிறந்தவைதாம். ஆனால் அச்சத்திற்கு அவை அளித்த மறுமொழிகள் வேறு வேறு. இவ்விரண்டையும் ஒரு மனிதர் தம் வாழ்வில் சேர்த்து ஏந்த முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

திருச்சபையும் போர்வீரனும்

இவ்வினா நமக்குப் புதிதன்று. திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர்கள் தாங்கள் என்ன செய்யவேண்டும் எனக் கேட்டனர். அவர் அவர்களைப் படையை விட்டு விலகச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார். நூற்றுவர் தலைவர் ஒருவரின் நம்பிக்கையைக் கண்டு ஆண்டவரே வியந்தார். பிற இனத்தாருள் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்றோருள் கொர்னேலியு என்னும் படைத்தலைவரும் ஒருவர். எனினும் கெத்சமனித் தோட்டத்தில் தம்மைக் காக்க வாளை உருவிய பேதுருவிடம், அதை உறையில் இடுமாறு இயேசு பணித்தார். இவ்விரு இழைகளும் தொடக்கமுதலே திருச்சபையின் நினைவில் பின்னிக் கிடக்கின்றன.

மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், 295இல், வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியான் என்ற இளைஞர் கிறித்தவன் என்ற முறையில் படையில் சேர மறுத்துத் தலைவெட்டப்பட்டு மறைச்சாட்சியானார். அடுத்த நூற்றாண்டில் உரோமைக் குதிரைப்படையில் பணியாற்றிய மார்ட்டின், ஏழை ஒருவனுக்குத் தம் போர்வையில் பாதியை வெட்டிக் கொடுத்தவர், போருக்கு முந்தைய நாளில் இனிப் போரிட இயலாது எனத் தம் தலைவனிடம் கூறியதாக அவரது வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். கோழை என்ற பழிச்சொல் வந்தது. அதற்கு மறுமொழியாக, ஆயுதமின்றிப் போர்முனையின் முன்வரிசையில் நிற்கத் தயார் என்றார் அவர். பின்னர் தூர் நகர ஆயராகித் தூயவரான அவரையே திருச்சபை படைவீரர்களின் பாதுகாவலராகப் போற்றுகிறது. போரை விட்டு விலகியவர் போர்வீரருக்குப் பாதுகாவலர்! 1918இல் முதல் உலகப்போரை நிறுத்திய உடன்படிக்கை அவரது திருநாளான நவம்பர் 11 அன்றே நடைமுறைக்கு வந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பின்னர் தூய அகுஸ்தீனும் தூய தோமா அக்குவினாரும் எப்போது போர் நீதியுடையதாகலாம் என்பதற்கு வரையறைகள் வகுத்தனர். அவை போருக்கு உரிமம் வழங்க எழுந்தவை அல்ல. கட்டுக்கடங்காத ஒன்றுக்கு இடப்பட்ட கடிவாளங்கள். அதே அக்குவினார் நாட்டுப்பற்றைப் பெற்றோர்மீதுள்ள பற்றோடு இணைத்து, ஒரே நற்பண்பின் இரு கிளைகளாகக் கண்டார் என்பதையும் மறக்கலாகாது. நம்மைப் பெற்று வளர்த்தோருக்கு நாம் கடன்பட்டிருப்பது போலவே நம்மைத் தாங்கும் நாட்டுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தாயை நேசிக்கும் மகன் தாய் செய்வதெல்லாம் சரி என்று சொல்வானா? அவள் தடுமாறும்போது கையைப் பிடித்து நிறுத்துவதும் பற்றன்றோ?

கடற்படைத் தலைவர் ஒருவரின் வாழ்வு

இதை நூல்களிலிருந்து மட்டும் அன்றி, நம் காலத்து மனிதர் ஒருவரின் வாழ்விலிருந்தும் கற்கலாம். அவர் கிறித்தவர் அல்லர். எனினும் நல்லெண்ணமுள்ள அனைவரையும் விளித்து எழுதப்பட்ட அந்த 1963ஆம் ஆண்டு மடல், இத்தகையோரையும் மனத்தில் கொண்டதே எனலாம்.

லட்சுமிநாராயண் ராமதாஸ் 1933 செப்டம்பர் 5 அன்று, தமிழர் மிகுதியாக வாழ்ந்த பம்பாய் மாதுங்காவில் பிறந்தார். 1949இல் டேராடூனில் முப்படைப் பயிற்சியில் சேர்ந்து, 1953இல் கடற்படை அதிகாரியானார். அவரது துணைவியார், இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரான அட்மிரல் ஆர்.டி. கட்டாரியின் மகள், கட்டாரி நம் செங்கற்பட்டில் பிறந்தவர்.

1971 டிசம்பரில் வங்கதேச விடுதலைப் போர் நடந்தபோது, ராமதாஸ் ஐ.என்.எஸ். பியாஸ் என்ற போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கினார். வங்கக் கடலில் கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்த கப்பல்களுள் அதுவும் ஒன்று. அதே போரில் அரபிக்கடலில் டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் எதிரிப்படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளாயினர். ராமதாசுக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. 1990 நவம்பர் இறுதியில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியானார். 1993 செப்டம்பர் இறுதியில் ஓய்வுபெற்றார். அவர் தலைமை வகித்த 1992ஆம் ஆண்டில்தான், மருத்துவத் துறைக்கு வெளியேயும் பெண்கள் கடற்படையில் அதிகாரிகளாக நுழைந்தனர்.

இத்துடன் அவர் கதை முடிந்திருந்தால், அது நாம் பல மேடைகளில் கேட்ட வீரவரலாறுகளுள் ஒன்றாக இருந்திருக்கும். ஓய்வுக்குப் பின் அவர் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே ஒரு சிற்றூரில் குடியேறி உழவைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள குடிமக்கள் சிலர் இணைந்து, அமைதிக்கும் மக்களாட்சிக்குமான மக்கள் மன்றம் ஒன்றை உருவாக்கினர். அதன் முதல் மாநாடு 1995இல் டில்லியில் நடந்தது. முன்னாள் கடற்படைத் தலைவர் அம்மன்றத்தின் முன்னணியில் நின்றார். எந்த நாட்டின் துறைமுகத்தை அடைக்கக் கப்பல் செலுத்தினாரோ, அந்நாட்டின் ஆசிரியர்களோடும் இதழாளர்களோடும் ஒரே மேசையில் அமர்ந்தார். அவருடைய மகள்களுள் ஒருவர் பாகிஸ்தானியரை மணந்தவர். எல்லைக்கு அப்பால் வாழ்வோர் அவருக்கு வரைபடத்தில் உள்ள பகைவர் அல்லர்; உறவினர்.

1998 மே 11, 13 ஆகிய நாட்களில் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அம்மாத இறுதியில் பாகிஸ்தானும் சாகையில் அவ்வாறே செய்தது. தெருக்களில் இனிப்பு வழங்கப்பட்டது. அந்த ஆரவாரத்தின் நடுவே எதிர்க்குரல் எழுப்பிய முன்னாள் படைத்தலைவர்களுள் ராமதாஸ் முதன்மையானவர். 2000ஆம் ஆண்டில் உருவான அணு ஆயுத ஒழிப்புக் கூட்டமைப்பிலும், இரு நாடுகளின் ஓய்வுபெற்ற படையினர் சேர்ந்து மேற்கொண்ட அமைதி முயற்சியிலும் அவர் பங்கேற்றார். 2004இல் அமைதிக்கும் பன்னாட்டு நல்லுறவுக்குமான ராமன் மகசேசே விருது அவருக்கும், பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளியும் இதழாளருமான ஐ.ஏ. ரஹ்மானுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ரஹ்மான் 2021இலும், ராமதாஸ் தம் 90ஆம் வயதில் 2024 மார்ச் 15 அன்றும் காலமாயினர்.

துரோகமா, முதிர்ச்சியா?

இத்தகைய மாற்றத்தைக் கண்டால் இருவகையாகப் பேசுவோர் உண்டு. சீருடையில் இருந்தபோது சம்பளம் வாங்கிக்கொண்டு, ஓய்வுபெற்றதும் நாட்டுக்கு எதிராகப் பேசுகிறார் என்பர் ஒரு சாரார். பார்த்தீர்களா, படைப்பணியே வீண் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பர் மறு சாரார். இரண்டும் தவறு. ராமதாஸ் தாம் கடலில் கழித்த நாற்பது ஆண்டுகளை மறுதலிக்கவில்லை. அமைதிக்காக எழுதிய மடல்களிலும் அட்மிரல் என்ற பட்டத்துடனேயே கையெழுத்திட்டார். மாறியது அவரது நாட்டுப்பற்று அன்று, அதன் எல்லை. முன்பு நாட்டைக் காப்பது என்றால் பகைவரின் கப்பலை மறிப்பது. பின்பு நாட்டைக் காப்பது என்றால் பகையையே மறிப்பது.

அவருக்கு எதிரான வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அணு ஆயுதம் இருப்பதால்தான் பெரும்போர் மூளவில்லை என்று கூறுவோர் அறிவிலிகள் அல்லர். 1999 கார்கில் போரில் நம் வீரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்; ஆயினும் போர் கார்கிலைத் தாண்டவில்லை என்பர் அவர்கள். 2008 நவம்பர் 26 அன்று கடல்வழி வந்தவர்கள் மும்பையில் நூற்றறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். இத்தகைய கொடுமைகளுக்குப் பின் அமைதி பேசுவோரிடம், மாண்டவரின் மனைவிக்கு என்ன சொல்வாய் என்று கேட்பது நியாயமான கேள்வியே. அமைதியை விரும்புவோர் இக்கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்கலாகாது.

ஆனால் மறுபுறக் கேள்வியும் உண்டு. அணுகுண்டு போரைத் தடுக்கும் என்றால், சோதனை நடந்த மறு ஆண்டே கார்கில் ஏன் நிகழ்ந்தது? 2025 மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் ஏவிக்கொண்டபோது, ஒரு தவறான கணக்கு நம்மை எங்கே கொண்டு சென்றிருக்கும்? ஏவுகணை சில நிமிடங்களில் வந்துசேரும் தொலைவில் உள்ள இரு அண்டை நாடுகளுக்குச் சிந்திக்க நேரமேது? மக்கள்வாழ் நகரங்களைக் கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்பது வத்திக்கான் சங்கம் 1965இல் வழங்கிய தெளிவான தீர்ப்பு. 2019 நவம்பர் 24 அன்று இரோசிமாவில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு எதிரானது என்றார். ஆக, போர்க்களத்தைக் கண்ட கடற்படைத் தலைவரும் போதனைப் பொறுப்புடைய திருச்சபையும் வெவ்வேறு பாதைகளில் நடந்து ஒரே முடிவை அடைந்திருக்கின்றனர்.

அதே சங்க ஏடு, படையில் பணியாற்றுவோர் தம் கடமையை நேர்மையோடு செய்தால் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் தொண்டாற்றுகின்றனர் என்று மதிப்புடன் கூறுகிறது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதமேந்த மறுப்போருக்குச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும் அதே பகுதி கேட்கிறது. ஒருவரை உயர்த்த மற்றவரை இழிவுபடுத்த வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

சென்னை கண்ட ஒரு வரவேற்பு

தமிழராகிய நமக்கு இவ்வினா இன்னொரு காரணத்தாலும் நெருக்கமானது. 1987 சூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை இலங்கை சென்றது. காக்கச் சென்ற படை ஓரிரு மாதங்களில் போரிடும் படையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவப் பணியாளரும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட கடைசி அணி சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தம் இனத்தாரின் இரத்தம் சிந்தப்பட்ட வேதனையை அச்செயல் சொன்னது என்றனர் பலர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்த வீரனை அவமதித்தது என்றனர் வேறு பலர்.

இன்று நிதானமாகப் பார்க்கும்போது, இரு தரப்பும் ஓர் உண்மையின் பாதியைப் பற்றியிருந்தன என்று தோன்றுகிறது. போரை முடிவு செய்தோர் வேறு. போரில் நின்றோர் வேறு. கொள்கையைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கப்பலிலிருந்து இறங்கி வந்த அந்த இளைஞனுக்குத் தான் கண்டதைச் சொல்லி ஆற ஓர் இடம் தேவைப்பட்டது. அரசியலால் அதை அவனுக்குத் தர முடியவில்லை. கோவில் தந்ததா? ஒப்புரவு அருட்சாதனத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் இக்கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

சிறுபான்மையினரின் சோதனை

ஆகஸ்டு 15 நமக்கு இரட்டைத் திருநாள். அன்னை மரியாவின் விண்ணேற்பைக் கொண்டாடித் திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் கொடியேற்றுகிறோம். இது நல்ல வழக்கம். ஆயினும் சிறுபான்மையினராகிய நமக்கு ஒரு சோதனை உண்டு. நம் நாட்டுப்பற்றை எவரேனும் ஐயுறுவாரோ என்ற அச்சத்தில், மற்றவரைவிட உரத்துக் கொடி வணக்கம் செய்துவிட்டு, பேசவேண்டிய நேரத்தில் வாய்மூடி இருந்துவிடுகிறோம். அமைதியைப் பற்றி மறையுரையில் ஒரு சொல் சொன்னால் அரசியல் என்பார்களோ என்று தயங்குகிறோம்.

ராமதாஸ் 2015இல் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் வெளிப்படையாக மடல் எழுதினார். நாட்டில் சிறுபான்மையினர் மீதும் எளியோர் மீதும் நிகழ்ந்த தாக்குதல்களைக் கண்டு தாம் வெட்கித் தலைகுனிவதாகக் கூறினார். அவர் பெரும்பான்மைச் சமயத்தில் பிறந்தவர். அவருக்கு அந்த மடலால் எந்த ஆதாயமும் இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் இருவர் அரியலூர், தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர். அதைத் தொடர்ந்து வந்த தேர்தலில் படையினரின் வீரத்தை வாக்குச் சேகரிக்கப் பயன்படுத்தலாகாது என்று தேர்தல் ஆணையத்துக்கு எழுதியவரும் அவரே. படைவீரனின் மரணத்தை மதித்ததால்தான் அது மேடைப்பொருளாவதை அவரால் பொறுக்க இயலவில்லை. இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவரிடம் கற்ற நமக்கு இது விளங்காததன்று.

நாம் செய்யக்கூடியவை

எல்லை கடந்த நட்பு தமிழ்க் கத்தோலிக்கருக்கு அந்நியமானதா? கச்சத்தீவில் தூய அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. இரு நாட்டவரும் ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். நம் மீனவரைக் கைது செய்யும் அதே இலங்கைக் கடற்படைதான் 2016இல் அங்குப் புதிய கோவிலைக் கட்டிக் கொடுத்தது. மீனவர் துயர் அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் துப்பாக்கி பிடித்த கைகளால் கோவிலும் கட்ட முடியும் என்பதை அத்தீவு நமக்குக் காட்டுகிறது.

நம் பங்குகளில் முன்னாள் படைவீரர் பலர் இருக்கின்றனர். 2022 சூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேரும் இளைஞர் நான்கு ஆண்டுகள் பணிபுரிவர். அவர்களுள் கால் பங்கு வரையிலானவரே நிலைநிறுத்தப்படுவர். எனவே முன்னாள் வீரர் என்றால் நரைத்த மீசையுடைய பெரியவர் என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. இருபத்தைந்து வயதுகூட நிறையாத இளைஞர்கள் அப்பெயரோடு வீடு திரும்புவார்கள். அவர்களுள் பலரைப் படைக்கு அழைத்துச் செல்வது நாட்டுப்பற்றோடு வீட்டின் வறுமையும்கூட. அவர்களுக்கு மாலை போடுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர்கள் கண்டதையும் செய்ததையும் ஐயுற்றதையும் அச்சமின்றிச் சொல்லக் கேட்கும் செவி நம்மிடம் இருக்கவேண்டும். அவர்களது கருத்து மாறினால் அதைத் துரோகம் என்று முத்திரை குத்தாத பக்குவமும், மாறாவிட்டால் இரக்கமற்றவர் என்று தீர்ப்பிடாத பக்குவமும் வேண்டும்.

இவ்வாண்டு நவம்பர் 11 அன்று, தூய மார்ட்டின் திருநாளில், நம் பங்குகளில் உள்ள முன்னாள் படைவீரரைத் திருப்பலிக்கு அழைப்போம். விசுவாசிகள் மன்றாட்டில் எல்லையின் இப்பக்கம் மாண்டோருக்காக மட்டுமன்றி அப்பக்கம் மாண்டோருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். சிலருக்கு அது நெருடலாக இருக்கும். அந்த நெருடலோடு அவர்கள் வீடு சென்று சிந்திக்கட்டும். பகைவருக்காக வேண்டச் சொன்னவர் பலிபீடத்தில் எழுந்தருளியிருக்கும்போது, வேறெங்குப் போய் நாம் இதைத் தொடங்குவது?